அரிசி வந்த கரையும் ஆள் வந்த கரையும்

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டார்: "பினாங்கை ஆண்ட ஆங்கிலேயர்களுக்கு வடக்கே சயாம் (இன்றைய தாய்லாந்து) பெரிய மிரட்டல். இன்னொரு பக்கம் அடிமை முறையை ஒழி, கூலிகளை அடிக்காதே, அபினியை நிறுத்து என்று நெருக்குதல். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கவர்னர்கள் எப்படி ஆட்சி நடத்தினார்கள்? அவர்களில் யாருக்காவது மனசாட்சி இருந்ததா?"

தம்பி, மனசாட்சி உள்ளவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் கவர்னரின் மனசை ஆராய்ந்துகொண்டிருந்தால் பினாங்கின் கதை பிடிபடாது. இந்தத் தீவுக்குச் சோறு எங்கிருந்து வந்தது, கஜானாவுக்குக் காசு எங்கிருந்து வந்தது, வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்று மூன்றையும் பாருங்கள். எந்தக் கொடுமை நின்றது, எது நூறு வருடம் நீடித்தது என்பதற்கு அங்கேதான் விடை இருக்கிறது. நான் படித்தவரை, எதையாவது நிறுத்திவிடும் சக்தி வெளியில் ஒருவன் கையில் இருந்தபோதுதான் இங்கே சட்டம் அசைந்தது.

முதலில் சோறு. மழை விட்ட ஒரு காலையில் பாடாங் கோத்தா கடற்கரைச் சுவரோரம் போய் நின்று வடக்கே பாருங்கள். கடலுக்கு அப்பால் நீலமாக ஒரு மலை தெரியும். அது எதிர்க்கரையில், அன்று தனி மலாய் நாடாக இருந்த கெடாவின் குனோங் ஜெராய். அதற்கு வடக்கே போனால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நெல்வயல்தான். கோட்டையில் காவல் நின்ற சிப்பாய்க்கும் தினம் தெரிந்த மலை அது. தான் சாப்பிடும் அரிசி, கோழி, மாடு எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் படகில் வர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

1786 ஜூலை 17ஆம் தேதி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இந்த முனையில் இறங்கினார். ஆகஸ்டு 11ஆம் தேதி கொடி ஏற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்தார். தீவைக் கொடுக்க முன்வந்த கெடா சுல்தான் அப்துல்லா முக்காரம் ஷா கேட்டவற்றில் முக்கியமானவை இரண்டு. வருடத்துக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி (டாலர்) ஒன்று. எதிரி வந்தால் படை உதவி மற்றொன்று. எதிரி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன்னிலும் வெள்ளியிலும் செய்த பூமரத்தைக் கெடா சயாமுக்கு அனுப்பி வந்தது. புங்கா மாஸ் என்று அதற்குப் பெயர். சயாம் அதைத் திறை என்று வாங்கிக்கொண்டது. கெடா அதை நட்புக்கான பரிசு என்று சொல்லிக்கொண்டது. அந்த நட்பு என்றைக்காவது படையாக மாறி வரும் என்ற பயத்தில்தான் சுல்தான் ஒரு தீவையே கொடுக்கத் துணிந்தார்.

கம்பெனி மேலிடம் கல்கத்தாவிலிருந்து படை உதவிக்குச் சம்மதம் தரவே இல்லை. அது லைட்டுக்குத் தெரியும். சுல்தான் எதை நம்பித் தீவைக் கொடுக்கிறார் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் கொடியை ஏற்றினார். ராஜதந்திரம் என்று இதற்கு மரியாதையான பெயர் வைக்கிறவர்கள் உண்டு. நான் இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

சுல்தான் சில வருடம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் தீவுக்குப் போகும் உணவுப்பொருளைத் தடுத்தார், எதிர்க்கரையில் உள்ள பிறையில் படை திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கினார். சுல்தானின் படை சிதறியது. மே 1ஆம் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. கேட்ட 30,000 வெள்ளி 6,000 ஆகக் குறைந்தது. படை உதவி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் நான் எப்போதும் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. சின்னக் காகிதம், சில ஷரத்துகள்தான். ஆங்கிலேயர் கெடாவில் உணவுப்பொருளை வரியில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து. கெடாவிலிருந்து பினாங்குக்கோ பினாங்கிலிருந்து கெடாவுக்கோ ஓடிப்போகும் அடிமைகளைப் பிடித்து உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு ஷரத்து. அரிசி இந்தப் பக்கம் வரட்டும், ஓடிவந்த அடிமை அந்தப் பக்கம் போகட்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் பெரிய அண்டை நாடும் சமூகச் சீர்திருத்தமும் தனித்தனி விஷயங்கள் என்று நினைத்தீர்கள் இல்லையா? 1791லேயே இரண்டும் ஒரே தாளில் ஒன்றை ஒன்று பார்த்து உட்கார்ந்திருந்தன. 1800இல் எதிர்க்கரையில் ஒரு நீளத் துண்டு நிலத்தையும் கம்பெனி வாங்கியது. அதுதான் இன்றைய செபராங் பிறை, அன்றைய வெல்லஸ்லி மாகாணம். வருடத் தொகை 10,000 வெள்ளி ஆனது. அடிமைகளைத் திருப்பித் தரும் ஷரத்து அந்த ஒப்பந்தத்திலும் தொடர்ந்தது. (அந்த வருடத் தொகை இன்னும் நிற்கவில்லை. மலேசியா உருவான பிறகும் கோலாலம்பூரிலிருந்து மத்திய அரசு கெடாவுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தது. நீண்ட காலம் அது அதே 10,000தான், ரிங்கிட்டில். பினாங்கு எங்களுடையது என்று கெடாவில் அவ்வப்போது எழும் குரலுக்கு வேர் இங்கேதான்.)

அன்றைய பினாங்கில் அடிமை என்றால் யார்? நியாஸ் தீவிலிருந்தும் சுமத்ராவின் பத்தாக் நாட்டிலிருந்தும் கொண்டுவந்து விற்கப்பட்டவர்கள். அதோடு கடனுக்காகத் தன்னையே அடகு வைத்தவர்கள். இவர்களை மலாய்க்காரர்கள் ஓராங் பெர்ஹுத்தாங் என்பார்கள். கடன் அடைகிற வரை கடன் கொடுத்தவன் வீட்டில் வேலை. வேலைக்குக் கூலி கிடையாது, அதனால் கடனும் அடையாது. பெண்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

லண்டனில் 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்து சட்டம் வந்தது. அது வியாபாரத்துக்குத்தான் தடை. ஏற்கெனவே அடிமையாக இருப்பவனை அது தொடவில்லை. அதே வருடம் பினாங்குக்கு ஒரு நீதிமன்றச் சாசனமும் கிடைத்தது. தீவு கைக்கு வந்து இருபது வருடத்துக்கும் மேலாக இங்கே ஒழுங்கான சட்டம் என்று எதுவும் இல்லை. ஒரு வெள்ளைக்காரன் கொலை செய்தால் அவனை விசாரிக்கும் அதிகாரம் இங்கே யாருக்கும் இல்லை. 1833இல் நாடாளுமன்றம் அடிமை முறையையே ஒழித்தது, பெரிய கொண்டாட்டம். ஆனால் அந்தச் சட்டத்தில் கம்பெனி ஆளும் பகுதிகளுக்கு விலக்கு இருந்தது. பினாங்கு அப்போது கம்பெனி ஆளும் பகுதி. 1843இல் இந்தியாவுக்காகப் போட்ட ஐந்தாம் சட்டம் வந்த பிறகுதான், இவன் என் அடிமை என்று ஒருவன் நீதிமன்றத்தில் உரிமை கொண்டாட முடியாமல் போனது. லைட் கொடி ஏற்றி 57 வருடம் கழித்து! எத்தனை பேர் அதற்குள் கடனாளியாகவே செத்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இப்போது சயாம். 1805இல் பினாங்கைக் கம்பெனியின் நான்காவது மாகாணத் தலைமையிடம் ஆக்கினார்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய், பினாங்கு. பெரிய பதவிகள், பெரிய சம்பளங்கள். வருமானம்தான் அதற்கு ஈடாக வரவில்லை. இப்படிக் கைக்கும் வாய்க்கும் எட்டாமல் இருந்த நேரத்தில், 1821 நவம்பரில் லிகோர் ஆளுநரின் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. இன்றைய நக்கோன் சி தம்மராட்தான் லிகோர். அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பி வந்தார். பின்னாலேயே மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையைத் தாண்டி செபராங் பிறைக்குள் வந்தார்கள்.

சுல்தானை எங்களிடம் ஒப்படை என்றது லிகோர். கவர்னர் பிலிப்ஸ் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காக அவரைப் பாராட்டுவேன். ஆனால் கெடாவை மீட்டுத் தர ஒரு சிப்பாய்கூடப் போகவில்லை. 1822இல் கம்பெனியின் தூதராகக் கிராஃபர்டு பாங்காக் போய்ப் பேசிப் பார்த்தார், கெடா விஷயத்தில் எதுவும் கிடைக்கவில்லை. 1824இல் பர்மாவோடு சண்டை தொடங்கியதும் கம்பெனியின் கணக்கே மாறிப்போனது. பர்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சயாமைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது கல்கத்தாவின் முடிவு. கம்பெனியின் தூதர் ஹென்றி பர்னி பாங்காக்கில் 1826 ஜூன் 20ஆம் தேதி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 13ஆம் ஷரத்தைப் படித்துப் பாருங்கள். கெடா சயாமிடமே இருக்கும். சுல்தான் கெடாவைத் தாக்காமல் ஆங்கிலேயர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் பினாங்கிலோ பிறையிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ பர்மாவிலோ குடியிருக்கக் கூடாது. தீவைக் கொடுத்தவரின் மகன் அந்தத் தீவில் வசிக்கக்கூடத் தடை.

பினாங்கில் இருந்த வெள்ளைக்காரர்களிலேயே பலருக்கு இது பொறுக்கவில்லை. ஜான் ஆண்டர்சன் என்ற அதிகாரி கெடாவுக்காக வாதாடி எழுதி அச்சிட்டதை அரசாங்கமே அடக்கி வைத்தது. கவர்னர் ஃபுல்லர்ட்டனுக்குச் சயாமைக் கண்டாலே ஆகாது, பர்னியின் ஒப்பந்தமும் பிடிக்கவில்லை. அதே 1826 அக்டோபரில் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரியைக் கெடாவுக்குத் தெற்கே இருக்கும் பேராக்குக்கு அனுப்பி, பேராக் சயாமின் பிடிக்குள் போகாதபடி ஒரு தனி ஒப்பந்தம் செய்யவைத்தார். அது அவர் கைக்கு எட்டிய எல்லை. கெடா எட்டவில்லை.

அப்புறம் நடந்தது இன்னும் வேதனை. 1831இல் கெடா அரச குடும்பத்துத் துங்கு குடின் தலைமையில் கெடாக்காரர்கள் எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் கப்பல் அனுப்பிக் கடல்வழியை அடைத்தார்கள். கோட்டை விழுந்தது, குடின் செத்தார். 1838இல் துங்கு முகமது சாட் தலைமையில் மறுபடி எழுச்சி, மறுபடி ஆங்கிலக் கப்பல்களின் முற்றுகை. சயாமிடமிருந்து காப்பாற்றுவான் என்று நம்பி யாருக்கு இடம் கொடுத்தார்களோ, அவனுடைய கப்பலே சயாமுக்காகக் காவல் நின்றது. வயதான சுல்தான் பாங்காக்குக்குப் பணிந்துபோன பிறகு, 1842இல் கெடாவைத் திரும்பக் கொடுத்தார்கள். பெர்லிஸும் செத்துலும் தனியாகப் பிய்க்கப்பட்டிருந்தன.

கெடாவை விட்டு ஓடி வந்த விவசாயிகள் செபராங் பிறையில் காட்டை வெட்டி நெல் போட்டார்கள். சயாமின் படையெடுப்பால் பினாங்குக்குக் கிடைத்தது ஒன்று உண்டென்றால் அது இந்த ஜனங்களின் உழைப்புதான். அடுத்த கரையை நம்பி இருந்த தீவுக்குச் சொந்தக் கையிலேயே நெல் விளையத் தொடங்கியது. கெடாவைக் கைவிட்டதற்குப் பினாங்கு ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. அதனால்தான் கைவிட முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, காசு. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அசைவே அதிகம் இல்லை. பினாங்கு வரியில்லாத் துறைமுகம் என்று பெயர் வாங்கிய ஊர். சுங்கம் இல்லையென்றால் அரசாங்கச் செலவுக்குப் பணம் ஏது? குத்தகைதான். அபினி, சாராயம், கள், வெற்றிலை, பன்றி இறைச்சி என்று ஒவ்வொன்றையும் ஏலம் விட்டு, எடுத்தவர் மாதாமாதம் கட்ட வேண்டும். இதில் பெரியது அபினி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த காலனியின்) வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடம், ரோடு, போலீஸ், கவர்னரின் சம்பளம் எல்லாவற்றிலும் அந்தப் புகை கலந்திருந்தது.

நம்ம பினாங்கிலேயே பிறந்து, கேம்பிரிட்ஜ் போய் டாக்டராகித் திரும்பிவந்த வூ லியென் தே சூலியாத் தெருவில் மருத்துவமனை வைத்திருந்தார். 1906இல் அபினி எதிர்ப்பு இயக்கத்துக்கு அவர்தான் தலைவர். ஈப்போவில் மாநாடு கூட்டினார்கள். கொஞ்ச நாளில் அவருடைய மருத்துவமனையில் சோதனை. மருந்துக்காக வைத்திருந்த அபினிக் கரைசல் ஒரு அவுன்ஸ் அகப்பட்டது. அதற்கு 100 வெள்ளி அபராதம். அபினி விற்று வாழும் அரசாங்கம், அபினியை எதிர்த்த டாக்டருக்கு அபினி வைத்திருந்ததாகத் தண்டனை கொடுத்தது! 1908இல் அவர் சீனாவுக்குப் போய்விட்டார். மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது முகக்கவசம் போடச் சொல்லி ஆயிரமாயிரம் உயிரைக் காத்தவர் அவரே. நாம் இழந்தோம்.

நெருக்குதல் கூடியதும் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. 1910இல் குத்தகையை ஒழித்தது. ஒழித்துவிட்டு சண்டு, அதாவது புகைக்கும் அபினி, விற்பனையைத் தானே எடுத்து நடத்தியது. முழுத் தடை என்ற முடிவு இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதுதான் வந்தது. இதில் வெளியிலிருந்து பூட்டக்கூடிய கதவு எதுவும் இல்லை. சாவி கஜானாவிலேயே இருந்தது. தோட்டங்களில் நம்மவர்களுக்குக் கள்ளுக்கடை இருந்ததும் இதே வகைதான். 1946, 47இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளை எதிர்த்து நின்றபோது போலீஸ் யார் பக்கம் நின்றது என்று பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மூன்றாவது, ஆள். என் மனசு அதிகம் நிற்கும் இடம் இதுதான். தம்பி, பினாங்குக்குப் பெரிய அண்டை நாடு சயாம் மட்டும்தானா? வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்குதான் முதல் துறை. காற்று சரியாக இருந்தால் அதுவும் அண்டை வீடுதான்.

சூலியாக்கள் என்று அன்று சொன்ன நம் ஆட்கள் லைட் வருவதற்கு முன்பே கெடாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வருடாவருடம் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமோ கூலியோ செய்து, சில வெள்ளி சேர்த்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள் என்று 1794இல் லைட்டே எழுதியிருக்கிறார். வந்து போக அவர்களுக்கு வழி இருந்தது என்பதைக் கவனியுங்கள். விரும்பி வராதவர்களும் இருந்தார்கள். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் எழுபதுக்கும் மேற்பட்ட போராளிகளையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தினார்கள். துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது. பினாங்கின் பழைய ரோடுகளிலும், 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் இந்தியக் கைதிகளின் வியர்வை இருக்கிறது. அந்தத் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களை நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் பெருகியதும் வந்தவன் திரும்பிப் போகிற அந்த வழி சுருங்கியது. நிபோங் தெபால், பத்து காவான் பக்கமெல்லாம் அன்று கரும்பு. அதற்கு வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். மலாயில் ஜன்ஜி என்றால் வாக்கு, ஒப்பந்தம். அது நம் வாயில் சஞ்சி ஆயிற்று. கப்பல் கூலியை முன்பணமாகக் கொடுத்து, கைநாட்டு வாங்கி, வருடக்கணக்கில் கட்டிப்போடுவார்கள். வேலையை விட்டு ஓடினால் அது கிரிமினல் குற்றம், சிறை. ஓராங் பெர்ஹுத்தாங் நிலைமைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்த அதே அரசாங்கத்தின் கீழே, கடன் என்ற கயிறு இன்னொரு கையில் இருந்தது.

1867 ஏப்ரல் 1ஆம் தேதி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய அரசாங்கத்தின் கையிலிருந்து லண்டனின் நேரடிக் காலனியாக மாறின. வியாபாரிகள் ரொம்ப நாளாகக் கேட்டது இதைத்தான். அவர்கள் எண்ணிப் பார்க்காத விஷயம் ஒன்று இருந்தது. இந்தியாவின் 1864ஆம் வருடச் சட்டப்படி, அனுமதித்த நாடுகளுக்கு மட்டும்தான் கூலிகளை அனுப்பலாம். இந்தியாவிலிருந்து பிரிந்த அன்றே பினாங்கு சட்டத்தின் கண்ணில் வெளிநாடாகிவிட்டது. பட்டியலில் அதன் பெயர் இல்லை. மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. 1870இல் தஞ்சாவூர் ஜில்லா அதிகாரிகள் கவனித்தார்கள், கப்பலேற்றுவதை நிறுத்தினார்கள்.

கரும்பு வெட்ட ஆள் இல்லை என்றதும் செபராங் பிறைத் துரைமார்கள் போட்ட கூச்சல் கொஞ்சமல்ல. கவர்னர் இந்தியாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 1872இல் தடை நீங்கியது. ஆனால் இந்திய அரசாங்கம் இனி கேள்வி கேட்காமல் இருக்காது என்பது தெளிவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, தோட்டங்களில் சவுக்கடியும் சாவும் நடக்கும் செய்தி வெளியே வந்தது. 1876இல் காலனி தன் வரலாற்றில் முதல்முறையாக இந்தியத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் போட்டது. நாகப்பட்டினத்தில் அதிகாரி முன் பதிவு, இங்கே மேற்பார்வை, தோட்டத்தில் மருத்துவ வசதி. காகிதத்தில் இருந்த எல்லாம் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்து சேரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்தக் காகிதமே எதனால் வந்தது பாருங்கள். சவுக்கடி அதற்கு முன்னும் இருந்தது, சாவும் இருந்தது, கவர்னர்களுக்கும் தெரிந்திருந்தது. கரையில் கப்பல் நின்ற பிறகுதான் பேனா ஓடியது.

நெருக்குகிற சக்தி இல்லாமல் வெறும் ஆவேசத்தோடு சீர்திருத்தம் பண்ணப் போனால் என்னாகும் என்பதற்குப் பக்கத்திலேயே பேராக் இருக்கிறது. அங்கே சுல்தானுக்கு ஆலோசகராக ஆங்கிலேயர் வைத்த அதிகாரியான ரெசிடென்ட் பர்ச், பிரபுக்களின் வீடுகளிலிருந்து ஓடிவந்த கடனடிமைப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். செய்தது சரியான காரியம். ஆனால் பிரபுக்களின் வரியையும் ஒரே மூச்சில் பிடுங்கினார், யாரையும் மதிக்கவில்லை. 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையில் வைத்து அவரைக் குத்திக் கொன்றார்கள். பின்னால் வந்த ஹியூ லோ பல வருடம் பேசிப் பேசி, நஷ்டஈடு கொடுத்து, 1883 முடிவில்தான் பேராக்கில் கடனடிமையை ஒழித்தார். கவர்னர்களிலும் ரெசிடென்ட்களிலும் யாருக்கு மனசாட்சி என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து ஹியூ லோவுக்கு இருந்தது. அதைவிட முக்கியமாகப் பொறுமை இருந்தது.

ரப்பர் வந்ததும் ஆள் தேவை பல மடங்கானது. சஞ்சி முறைக்கு இந்தியாவில் எதிர்ப்பு வலுத்தது, கோகலே சட்டசபையில் பேசினார், 1910இல் மலாயாவுக்குச் சஞ்சிக்கூலி அனுப்புவது நின்றது. அதற்குள் அந்த இடத்தை, ஊரில் ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கும் கங்காணி பிடித்துக்கொண்டார். சொந்த ஊர்க்காரர், சொந்த ஜாதிக்காரர், பழகின முகம். கைநாட்டு இல்லை, ஆனால் கடன் கங்காணியின் நோட்டில் இருந்தது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும்போது தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. சீர்திருத்தம் ஒரு கதவை அடைத்தால் கொடுமை ஜன்னல் வழியாக வந்த கதை இது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொன்னவனாவேன்.

1922இல் இந்தியா புதிய குடிபெயர்வுச் சட்டம் போட்டது. அதன் பிறகு இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட் ஒருவர் கோலாலம்பூரிலேயே உட்கார்ந்து தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கலானார். 1923இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது, வேலையை விட்டதற்காக ஜெயிலில் போடும் வழக்கம் ஒழிந்தது. பிறகு குறைந்தபட்சக் கூலி பேசப்பட்டது. நல்ல காலத்தில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பொருளாதார மந்தத்தில் அதைக் கன்னாபின்னாவென்று வெட்டினார்கள். 1936 கடைசியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். பல இடங்களில் அவர் மிதமாகத்தான் பேசினார் என்று தோட்டத்து ஜனங்களுக்குக் குறை இருந்தது. நியாயமான குறைதான். 1938 மே மாதம் முதலாளிகள் 50 காசை 45 ஆகக் குறைத்தார்கள். இந்தியா பேசிப் பார்த்தது. ஜூன் மாதம், உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதையே தடை செய்தது. ஐந்து காசுக்காக ஒரு கரை மூடப்பட்டது.

என் அம்மாவின் அப்பா அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார், ஜெரஜாக் தீவில் இறக்கி மருந்து வாசம் அடிக்கும் தண்ணீரில் குளிக்க வைத்து, சில நாள் அங்கேயே தடுத்து வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எதிரே பினாங்கு தெரியும், போக முடியாது என்பார். ஒரு நாள் காலையில் பெயரைக் கூப்பிட்டுப் படகில் ஏற்றினார்கள். பின்னால் வருவதாக இருந்த தம்பிக்கு அவர் ஒரு சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கி வைத்திருந்தார். தடை வந்தது, அப்புறம் சண்டை வந்தது. அந்தச் சட்டையைக் கடைசியில் என் மாமாதான் போட்டார்.